தலைமை அலுவலகத்தின் வடிவமைப்புக் கையேட்டை நம் கட்டடத்துக்குள் பொருத்துவது எப்படி?

தலைமை அலுவலகத்திலிருந்து தடிமனான ஒரு பிடிஎஃப் வரும். மேசை அளவு, விளக்கு, கண்ணாடித் தடுப்பு, சுவர் நிறம் எல்லாம் அதில் இருக்கும். கூடவே "இதன்படி உங்கள் கிளையை அமைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி மின்னஞ்சல். நான் கட்டடக் கலைஞன் இல்லை, அலுவலக நிர்வாகம் பார்க்கிற ஆள். இந்த வேலை என் தலையில் விழுந்தபோது செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: கையேட்டை அச்சிட்டு மூன்று நிறப் பேனாக்களோடு உட்காருங்கள்

லோகோ, நிறம் போன்றவற்றுக்குப் பச்சை. அவற்றில் கை வைக்காதீர்கள். தீயணைப்பு வழி, படிக்கட்டு, கழிப்பறை என்று உள்ளூர்ச் சட்டம் பேசும் இடங்களுக்குச் சிவப்பு. அங்கே கையேடும் சட்டமும் வேறு வேறு சொன்னால், எது கடுமையானதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி எண்கள் எல்லாம் மஞ்சள்.

மஞ்சளில்தான் வேலை இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது ஏன் வந்தது என்று எழுதுங்கள். எங்கள் கையேட்டில் நடைவழி 915 மி.மீ. என்று இருந்தது. அது 36 அங்குலம். சக்கர நாற்காலி போவதற்காக அமெரிக்காவின் ஊனமுற்றோர் சட்ட விதிகள் சொல்லும் அகலம். அதைக் குறைக்கக் கூடாது. 1600 மி.மீ. மேசை அப்படியில்லை, அது வெறும் விருப்பம். காரணத்தை எழுதிக் காட்டினாலே தலைமை அலுவலகத்தோடு வரும் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

படி 2: இடத்தை நீங்களே அளங்கள்

நான் மண்ணைக் கவ்விய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கட்டட உரிமையாளர் கொடுத்த பழைய வரைபடம் அடிக்கணக்கில் இருந்தது: 1/8 அங்குலம் = 1 அடி. நான் 1:100 ஸ்கேலை, அதாவது நூறில் ஒரு பங்காகச் சுருக்கிய வரைபடத்துக்கான அளவுகோலை, வைத்து அளந்தேன். எண்கள் நம்பும்படியாகத்தான் வந்தன. ஆனால் ஓர் அடிக்கு 12 அங்குலம், அதை எட்டால் பெருக்கினால் 96. அதாவது அந்த வரைபடம் 1:96. உண்மையில் 12 மீட்டர் இருக்கும் சுவர் 1:100 ஸ்கேலில் 12.5 மீட்டராகத் தெரியும். அரை மீட்டர் எங்கே போனது என்று பார்டிஷன் சட்டங்கள் வந்து இறங்கிய பிறகுதான் தேடினேன்.

வித்தியாசம் பெரிதாக இருந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். சரிபார்க்கிறேன் என்று கதவை அளந்தது அடுத்த முட்டாள்தனம். 3 அடிக் கதவில் பிழை 4 செ.மீ.க்கும் குறைவு, கண்ணில் படாது. எப்போதும் இருப்பதிலேயே நீளமான சுவரை லேசர் மீட்டரால் அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். டேப் வேண்டாம், நீளமான சுவரில் அது நடுவில் தொய்ந்துவிடும். அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வையும் எடுத்துவிடுங்கள், அது ஸ்கேலையே கெடுத்துவிடும்.

வரைவதற்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேட் மென்பொருள் போதும், ஆட்டோகேட் இதற்கு அதிகப்படி. முழுக்க மி.மீ.யில் வரையுங்கள். அங்குலக் கோப்பை அலகு பார்க்காமல் உள்ளே கொண்டுவந்தால் 25.4 மடங்கு சிறியதாக வந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

படி 3: தூண்களுக்கு நடுவே மேசைகளை அடுக்குங்கள்

எங்கள் தூண்களின் மையத்துக்கு மையம் 6 மீட்டர், ஒரு தூணின் அகலம் 450 மி.மீ. நடுவே மிஞ்சுவது 5550. கையேட்டின் 1600 மேசை மூன்று வைத்தால் மீதி 750, நடைவழிக்குப் போதாது. 1400 மேசை மூன்று வைத்தால் மீதி 1350. ஆள் எண்ணிக்கையும் குறையவில்லை, நடைவழியும் கிடைத்தது. இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினேன், மறுபேச்சு இல்லாமல் அனுமதி வந்தது.

படி 4: ஃபால்ஸ் சீலிங் 600-ஆ, 610-ஆ?

கையேடு சீலிங் டைல் 2 அடி சதுரம் என்று சொல்லியிருந்தால் அது 610 மி.மீ. மெட்ரிக் முறையில் வருவது 600. இரண்டும் ஒன்றுதானே என்று கான்ட்ராக்டர் சொன்னால் தலையாட்டாதீர்கள். பத்து டைல் வரிசையில் கிட்டத்தட்ட 10 செ.மீ. விலகும். 600-க்குச் செய்த பேனல் லைட் டைலைத் தாங்கும் 610 கம்பிச் சட்டத்தில் உட்கார்ந்ததுபோலத் தெரியும்; ஒரு பக்கம் நகர்ந்தால் மறுபக்கம் பிடிமானம் போய்விடும். உள்ளூரில் எந்த அளவு டைல் சுலபமாகக் கிடைக்கிறதோ அதற்கே கம்பிச் சட்டம் போடுங்கள். உடைந்த டைலை மாற்றப்போவது நீங்கள்தான்.

படி 5: வெளிச்சம்

எழுத்து, கணினி வேலைக்கு 500 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரமான இஎன் 12464-1 சொல்வது. அது வேலை செய்யும் பரப்புக்கு மட்டும், அதை ஒட்டிய சுற்றுப்பகுதிக்கு 300 போதும். தளம் முழுக்க 500 போட்டுவிட்டுக் கண் கூசுகிறது என்று புலம்பாதீர்கள். இருட்டிய பிறகு, மேசை மேல் லக்ஸ் மீட்டரை வைத்து அளங்கள். போன் செயலிகளை நான் நம்புவதில்லை.

பின்சேர்க்கை

"பழைய மேலாளர் கேபினைக் கூட்ட அறையாக மாற்றினோம், அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தூக்கம் வருகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் எழுத மறந்த விஷயம் இது. அமெரிக்கக் காற்றோட்டத் தரமான ஆஷ்ரே 62.1-இன்படி வெளிக்காற்றின் தேவை ஆளுக்கு நொடிக்கு 2.5 லிட்டர், அதோடு சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர். 20 சதுர மீட்டர் அறையில் இரண்டு பேர் என்றால் 5 + 6 = 11 லிட்டர். அதே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் 25 + 6 = 31 லிட்டர். ஏசி குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். அறையின் பெயர்ப்பலகையை மாற்றும் முன் வெளிக்காற்று எந்த வழியாக, எவ்வளவு வருகிறது என்று ஏசிக்காரரிடம் கேளுங்கள்.