மதுரை ஏரியாவில் சின்னப் படம் வாங்குபவர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

வெள்ளிக்கிழமை மேட்னி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தியேட்டர். கவுண்டரில் போன டிக்கெட் பதினொன்று. ஆபரேட்டர் வெளியே வந்து, "அண்ணே, படத்தை ஓட்டவா, வேண்டாமா?" என்றார். ஓட்டச் சொன்னேன், ஏசி போடாமல்.

அந்தப் படத்தை எம்.ஆர். ஏரியாவில் 22 தியேட்டரில் போட்டிருந்தேன். எம்.ஆர். என்றால் மதுரை, ராமநாதபுரம்; இன்றைய கணக்கில் திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கையும் அதற்குள் வரும். தியேட்டர் கூடினால் வசூலும் கூடும் என்ற நினைப்பு. கூடியது செலவுதான். படத்தை டிஜிட்டலில் ஓட்டித் தரும் கியூப், யூஎஃப்ஓ கம்பெனிகளுக்குக் கட்டணம், போஸ்டர், ஒட்டுகிற ஆள் கூலி, டிக்கெட் கணக்குப் பார்க்க நாம் அனுப்பும் ரெப்புக்கு பேட்டா என்று ஒவ்வொரு தியேட்டருக்கும் தனித்தனியாக நீளும். பதினொரு டிக்கெட் காசு ரெப்பின் பேட்டாவுக்கும் டீக்குமே சரியாய்ப் போயிற்று. தெரிந்த முகம் இல்லாத படம் என்றால் மதுரையில் இரண்டு, தேனி, திண்டுக்கல், ராஜபாளையத்தில் ஒவ்வொன்று போதும். சனிக்கிழமை ராத்திரிக்குள் பேச்சு நன்றாகக் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு ஸ்கிரீன் கேட்கலாம்.

அடுத்தது கிராஸ், அதாவது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். "முதல் நாள் இத்தனை லட்சம்" என்று யாராவது சொன்னதும் அத்தனையும் பைக்கு வந்த மாதிரி கணக்குப் போடுகிறோம். 100 ரூபாய் டிக்கெட், வரி உள்பட, ஆயிரம் போகிறது என்று வையுங்கள். கிராஸ் ஒரு லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; அதற்கு மேல் போனால் 18. நம் ஒரு லட்சத்தில் ஜிஎஸ்டிக்கு மட்டும் 4,762 ரூபாய் போகும். அப்புறம் உள்ளாட்சி கேளிக்கை வரி. மிச்சம்தான் நெட். அதில் தியேட்டரோடு பாதிக்குப் பாதி ஷேர் பேசியிருந்தால் உங்களுக்கு வருவது 47 ஆயிரத்துக்கும் கீழே. முன்னால் சொன்ன செலவெல்லாம் இதிலிருந்துதான் போகவேண்டும். படத்துக்குக் கொடுத்த விலையையும் இதே பணத்தில்தான் எடுக்கவேண்டும். அதனால் விலை பேச உட்காரும்போது கிராஸ் என்ற வார்த்தையையே மறந்துவிடுங்கள்.

விலை என்றதும் எம்.ஜி. ஞாபகம் வருகிறது. மினிமம் கேரண்டி கொடுத்தால் படம் ஓடினாலும் படுத்தாலும் அந்தப் பணம் தயாரிப்பாளருடையது. அட்வான்ஸ் முறையில் வசூல் குறைந்தால் மீதியைத் திருப்பித் தரவேண்டும். சின்னத் தயாரிப்பாளர் எதை விற்றுத் தருவார்? 'அடுத்த படத்தில் கழித்துக்கொள்ளலாம்' என்பார். அந்த அடுத்த படம் பூஜையோடு நின்றுபோகும். ஓடுமா ஓடாதா என்று சந்தேகமுள்ள படத்தை விலை கொடுத்து வாங்காமல் கமிஷனுக்கு வெளியிடுவதே மேல். லாபம் கொஞ்சம்தான், ஆனால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

ரெப் போடக் காசில்லை என்று சில ஊர்களை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. நான் விட்ட ஓர் ஊரிலிருந்து டி.சி.ஆர்., அதாவது அன்றன்றைய வசூல் கணக்கு, வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்று நாளும் ராத்திரிக் காட்சிக்கு அதே 46 டிக்கெட். மேனேஜரிடம் கேட்டால் "நம்ம ஊரு ஜனம் அப்படிண்ணே" என்றார்! வியாழக்கிழமை படம் மாறுகிறது என்றால் அதற்கு முன்பே போய்க் கணக்கை முடித்துவிட வேண்டும். படம் தூக்கிய பிறகு பாக்கி கேட்டுப் போனால் டீ மட்டும்தான் கிடைக்கும்.

தேதி விஷயத்தில் ஒன்று. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே மதுரையில் இருக்கிறதே என்று அந்த வாரம் படம் போடாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது ஜனம் வைகைக்குள் நிற்கும், தியேட்டருக்கு எதற்கு வருகிறது? அப்படிப் போட்ட ஒருவர் தியேட்டர் வாசலில் நீர்மோர்ப் பந்தல் வைத்து, போஸ்டரும் கட்டினார். மோர் இரண்டு அண்டா காலியானது. ராத்திரிக் காட்சிக்கு விற்றது ஒன்பது டிக்கெட். அதில் இரண்டு அவர் மச்சான் எடுத்தது.