படகுக்கு ஒரு டேப்: மூடினால் எது முன்னால் வரணும்?

மண்டபத்தில் ஒரு மீன் கமிஷன் கடைக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். படகுக்கு ஒரு டேப், அதாவது உலாவியில் போல திரையின் மேலே வரிசையாக நிற்கும் பக்கம். விசைப்படகுகள் கரை சேரும் காலையில் கணக்குப்பிள்ளை பதினைந்து இருபது டேப்பைத் திறந்து வைத்து, காதில் போனை இடுக்கிக்கொண்டு, இறால் எவ்வளவு, கணவாய் எவ்வளவு, நண்டு எவ்வளவு என்று தட்டிக்கொண்டே இருப்பார். முதல் வாரத்திலேயே ஒரு படகின் கணவாய் வேறொரு சம்மாட்டி (படகு முதலாளி) கணக்கில் ஏறிவிட்டது. "தம்பி, நான் சரியாத்தான் போட்டேன்" என்றார். உண்மைதான். ஒரு டேப்பை மூடியதும் என் புரோகிராம் வரிசையின் முதல் டேப்புக்குத் தாவியது, அவர் கண்ணோ எடைச் சீட்டில் இருந்தது.

அதனால் நீங்கள் டேப் வைத்து சாஃப்ட்வேர் எழுதினால், டேப்பின் நிறம், வடிவமெல்லாம் அப்புறம். மூடியதும் எது முன்னால் வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படகுப் பட்டியல் இருக்கும் டேப்பிலிருந்து ஒரு படகைத் திறந்து, பார்த்துவிட்டு, உடனே மூடினால் அந்தப் பட்டியலுக்கே திரும்ப வேண்டும். நடுவில் வேறு டேப்புக்குப் போய் வந்திருந்தால் அந்த உறவை மறந்துவிட்டு வலப்பக்கத்து டேப்பைக் காட்டுங்கள், வலப்பக்கம் எதுவும் இல்லை என்றால் இடப்பக்கம். முதல் டேப்புக்கு மட்டும் தாவாதீர்கள்.

புதிய டேப் எங்கே முளைக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். குரோமில் ஒரு பக்கத்திலிருந்து திறந்த இணைப்பு அந்தப் பக்கத்தை ஒட்டியே உட்காரும், கூட்டல் குறியை அழுத்தினால் கடைசியில் வரும். அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குரோமில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மௌஸால் டேப்பை மூடும்போது மீதி டேப்புகள் உடனே அகலமாகிவிடாது, அடுத்த டேப்பை மூடும் பெருக்கல் குறி நகர்ந்து வந்து மௌஸுக்கு நேர் கீழே நிற்கும், மௌஸ் வரிசையை விட்டு விலகிய பிறகே அகலம் மாறும். ஏலம் முடிந்து பத்து டேப்பை வரிசையாக மூடுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று கூட உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

டேப்பின் மேல் எழுதும் தலைப்பில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். எங்கள் மாவட்டத்து விசைப்படகுப் பதிவு எண்கள் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்றுதான் தொடங்கும். இடம் பற்றாமல் டேப் சுருங்கியதும் வால் வெட்டுப்பட்டு, எல்லா டேப்பிலும் ஒரே எழுத்துகள்! வாலை வெட்டாமல் தலையை வெட்டி, கடைசி எண்களைக் காட்டினேன். முழு எண் மௌஸை மேலே வைத்தால் வரும். உங்கள் சாஃப்ட்வேரில் கோப்புப் பெயரோ வாடிக்கையாளர் பெயரோ, எந்தப் பகுதி ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுகிறதோ அது மட்டும் மறையக் கூடாது.

சரி, டேப் விட்டு டேப் மாறும் கன்ட்ரோல்+டேப் விசைகள். குரோமில் இது வரிசைப்படி நகரும், புரோகிராம் எழுதும் விஎஸ் கோடில் கடைசியாகப் பார்த்த டேப்புக்குப் போகும், ஃபயர்பாக்ஸில் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு படகுக்கு நடுவே மாறி மாறிப் போகிற வேலை என்பதால் நான் இரண்டாவதை வைத்தேன், ஆனால் கன்ட்ரோலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பட்டியல் திரையில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எங்கே போகிறோம் என்றே புரியாது. வரிசைப்படி போக கன்ட்ரோல்+பேஜ் டவுன் இருக்கிறது. கன்ட்ரோல்+டபிள்யூ மூடுவதற்கு, கன்ட்ரோல்+ஷிப்ட்+டி மூடியதைத் திறப்பதற்கு. இவற்றில் கை வைக்காதீர்கள், உலாவியிலேயே விரல்களுக்குப் பழகிவிட்டது. திரும்பத் திறக்கும் டேப் பழைய இடத்திலேயே வரட்டும், கடைசியில் போய் ஒட்ட வேண்டாம்.

சேமிக்காத டேப்புக்குப் பெருக்கல் குறி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி போதும், விஎஸ் கோடும் அப்படித்தான் செய்கிறது. ஒவ்வொரு முறையும் "சேமிக்கவா?" என்று கேட்டால் நாலாவது தடவை யாரும் படிக்காமல் எதையோ அமுக்குவார்கள். நான் எல்லாவற்றையும் வரைவாகத் தானே சேமிக்க விட்டுவிட்டேன். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கரண்ட் போய் வந்தாலும் அதே டேப்புகள், அதே வரிசை, கர்சர் அதே கட்டத்தில்.

பின்னால் இருக்கும் டேப்பில் ஏதாவது புதிதாக வந்தால் அதில் ஒரு அடையாளம் போடுங்கள், அதுவே முன்னால் குதித்து வரக் கூடாது. பாதி எண் தட்டிக்கொண்டிருப்பவரின் மீதி எண் வேறு படகில் போய் விழும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கடையில் கூட்டமில்லை. அப்போதுதான் கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சோதனை செய்தேன். திரையைப் பார்க்காமல் ஒரு டேப்பை மூடச் சொல்லி, "இப்ப எந்தப் படகு முன்னால நிக்குது, அண்ணே?" என்று கேட்பேன். அவர் சொன்னது தப்பினால் புரோகிராமைத்தான் திருத்துவேன். இருபது தடவையாவது செய்திருப்போம்.

அப்புறம் அவர் கேட்டது, படகு கரைக்கு வந்த வரிசையில் டேப்பை இழுத்து மாற்றும் வசதி. விண்டோஸில் மௌஸ் இயல்பாக 4 பிக்சல் நகர்ந்தாலே இழுப்பதாகக் கணக்கு, இவர் ஐஸ் பெட்டியைத் தொட்ட ஈரக் கையோடு கிளிக் செய்கிறவர், சும்மா தொட்டாலே டேப் இடம் மாறிவிட்டது. 12 ஆக்கினேன், நின்றுவிட்டது.