கோடு ஏறினால் செலவு ஏறியதா?

கிருஷ்ணகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பொருளாதாரம் சொல்லித்தருகிறேன். அரசுச் செலவு ஜிடிபியில் (நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில்) எத்தனை சதவீதம் என்ற வரைபடத்தைக் காட்டினால் போதும். கோடு ஏறியிருந்தால் "அரசு அள்ளி விடுது சார்" என்பார்கள், இறங்கியிருந்தால் "கையை இறுக்கிட்டாங்க" என்பார்கள்.

அது வெறும் செலவு இல்லை, பின்னம். மேலே செலவு, கீழே ஜிடிபி. மா சரியாகக் காய்க்காத வருஷம் தோட்டக்காரர் வீட்டில் வழக்கமான செலவுதான் நடக்கும். வருமானத்தில் அதன் பங்கு மட்டும் எகிறும். அதற்காக அவரை ஊதாரி என்போமா?

2020-21-ஐப் பாருங்கள். மத்திய அரசின் செலவு சுமார் 26.9 லட்சம் கோடியிலிருந்து 35.1 லட்சம் கோடி ஆனது. வழக்கமாக வளரும் ஜிடிபி, ஊரடங்கில் சற்றுச் சுருங்கியது. விகிதம் 13 சதவீதத்திலிருந்து 17-க்கு மேல் போனது. மேலே உள்ள எண்ணிலும் ஒரு சங்கதி உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் உணவு மானியத்தின் ஒரு பகுதியை பட்ஜெட்டில் காட்டாமல், இந்திய உணவுக் கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியில் கடன் வாங்கிச் சமாளித்தது. அந்த ஆண்டு அந்தக் கடனை அடைத்தார்கள். இலவச அரிசி, கோதுமையும் சேர்ந்துகொள்ள, உணவு மானியம் 1.1 லட்சம் கோடியிலிருந்து 5.4 லட்சம் கோடிக்குத் தாவியது. மளிகைக்கடை பழைய பாக்கியை மொத்தமாகத் தீர்த்த மாதத்தைப் பார்த்து, "இந்த மாசம் ரொம்பச் சாப்பிட்டுட்டாங்க" என்று சொல்லலாமா?

அப்புறம், எந்த அரசு? மத்திய பட்ஜெட் மட்டும் என்றால் சுமார் 14 சதவீதம். மாநிலங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சேர்க்கும்போது டெல்லி சென்னைக்குக் கொடுத்த பணத்தை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. பிரான்ஸின் 57 சதவீதத்தில் உள்ளாட்சி, சமூகப் பாதுகாப்பு எல்லாம் அடக்கம். அதை நம் மத்திய பட்ஜெட்டோடு ஒப்பிடுவது வீண் வேலை. அந்த 57-ஐ வைத்து, நாட்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் அரசே செய்கிறது என்றும் நினைக்க வேண்டாம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அரசுக்குச் செலவுதான், ஆனால் அது அப்படியே ஜிடிபியில் சேராது. வாங்கியவர் அதில் பருப்பு வாங்கும்போதுதான் கணக்கில் வரும்.

நீண்ட காலக் கோட்டில் இன்னொரு பள்ளம். தர்மபுரி மாவட்ட மக்கள்தொகை 2001-இல் 28 லட்சத்துக்கு மேல், 2011-இல் 15 லட்சம். யாரும் ஊரைக் காலி செய்யவில்லை, 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஜிடிபியிலும் 2015 ஜனவரியில் அடிப்படை ஆண்டு, அதாவது கணக்குக்கு அளவுகோலாக வைக்கும் ஆண்டு, 2004-05-இலிருந்து 2011-12-க்கு மாறியது. பழைய தொடரையும் புதியதையும் அப்படியே ஒட்டினால், அந்த இடத்தில் கோடு காரணமில்லாமல் குதிக்கும்.

பட்ஜெட் நடப்பு விலையில், அதாவது அந்தந்த ஆண்டின் விலையில் இருக்கும், ஆகவே வகுக்க வேண்டியதும் நடப்பு விலை ஜிடிபியால்தான். போன வாரம் ஒரு மாணவி 2024-25-க்கு நிலையான விலை ஜிடிபியால், அதாவது 2011-12 விலையில் கணக்கிட்டதால், வகுத்திருந்தாள். 14 வரவேண்டிய இடத்தில் 25. சிவப்புப் பேனாவை எடுக்கும் முன், நானே ஒரு நிமிஷம் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன்.