மார்பகப் பெருக்க அறுவைக்குப் பிறகு: பதற்றம் எங்கே, அசட்டை எங்கே?

மார்பகப் பெருக்க அறுவை முடிந்த பெண்கள் செய்யும் தவறுகள் இரண்டு வகை. பொறுக்க வேண்டிய இடத்தில் பதறுவது ஒன்று. ஓட வேண்டிய இடத்தில் பொறுத்துக்கொள்வது மற்றொன்று. முதலாவது தூக்கத்தைக் கெடுக்கும், இரண்டாவது உடம்பையே கெடுக்கும்.

இரண்டாவது வாரத்தில் கண்ணாடி முன் நின்று தீர்ப்பு எழுதுவதுதான் பொதுவான தவறு. மார்பைப் பெரிதாக்கத் தசைக்கு அடியில் வைத்த பையை, அதாவது இம்ப்ளாண்டை, அந்தத் தசை இறுக்கி மேலே தள்ளும். கீழ்ப்பகுதித் தோலும் இன்னும் இளகியிருக்காது. அதனால் மேலே புடைத்து, கீழே தட்டையாக, காம்பு தரையைப் பார்ப்பதுபோல் தெரியும். தசை தளர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். உருவம் நிலைக்க ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் இறங்குவது சகஜம். 2, 6, 12ஆவது வாரங்களிலும் ஆறாவது மாதத்திலும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், கையைத் தொங்கவிட்டு, போனை மார்பு உயரத்தில் வைத்துப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். மேலிருந்து எடுக்கும் செல்ஃபி பொய் சொல்லும். ஆறு மாதத்துக்குள் உருவத்துக்காக மறு அறுவை கேட்டால், பொதுவாக டாக்டர் காத்திருக்கத்தான் சொல்வார்.

‘டி கப் கேட்டேன், வரவில்லை’ என்பது அடுத்த குறை. கப் என்பது துணிக்கடை அளவு. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஓர் எண், பேரங்காடியில் வேறோர் எண். அறுவையில் பேசுவது சிசி கணக்கு, அதாவது இம்ப்ளாண்டின் கொள்ளளவு மில்லிலிட்டரில். 300க்கும் 325க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். இரு மார்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி நெஞ்செலும்பின் அமைப்பு. முன்பே இருந்த ஏற்றத்தாழ்வை இம்ப்ளாண்ட் மறைக்காது, சில சமயம் எடுத்துக்காட்டும். அறுவைக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். புது பிரா வாங்க மூன்று மாதம் பொறுங்கள்; கம்பி வைத்தது ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

மரத்துப்போவது அறுவையில் நரம்பு பாதிக்கப்படுவதால்; திடீரென மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்று குத்துவது பெரும்பாலும் அந்த நரம்பு திரும்பும் அறிகுறி. மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகவும் தங்கும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இனி, பொறுக்கக் கூடாதவை. முதல் சில நாளில் ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் வீங்கி, கல்லாக இறுகி, வலி ஏறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் நீர் அல்லது வாடை, பரவும் சிவப்பு ஆகியவை கிருமித்தொற்றின் அறிகுறிகள். நம் தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையை வைத்து இரு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்கினால் தொற்று ஒளிந்துகொள்ளும், போகாது. கெண்டைக்கால் வீக்கத்தோடு மூச்சுத்திணறல் வந்தால் உடனே அவசர எண் 999.

வீட்டு வைத்தியம் தனிக்கதை. ஆறாத காயத்தில் மஞ்சள் பற்றுப் போட வேண்டாம். ‘உருட்’ எனும் மலாய் மசாஜ் போடும் அம்மாவை அழைக்கவும் வேண்டாம்: கண்ணீர்த்துளி வடிவ இம்ப்ளாண்டை அழுத்தித் தேய்த்தால் உள்ளேயே சுழன்று உருவம் கோணும். மசாஜ் தேவையா என்பதை அறுவை செய்தவர் மட்டுமே சொல்லலாம். முதல் நான்கு முதல் ஆறு வாரம் ஐந்து கிலோ அரிசி மூட்டையும் கைக்குழந்தையும் அடுத்தவர் தூக்கட்டும். டிசம்பரில் அறுவை செய்துகொண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொள்வோரும் உண்டு. கையை உயர்த்தியபடி பத்துமலையின் 272 படியோ, பினாங்கு தண்ணீர்மலையின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படியோ ஏறுவது அந்தத் தசைக்கு ஆகாது. முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிராவுக்கு அடியில் வியர்வை தேங்கிப் புண்ணாகும். இரண்டு பிரா வைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள்.

காது குத்திய இடம் தடித்துப்போன வரலாறு குடும்பத்தில் இருந்தால், அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். காயம் முழுதாக மூடியபின் சிலிக்கோன் பட்டையை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதம் ஒட்ட வேண்டும். தழும்பு தடிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் சும்மா இருப்பது பெரிய இழப்பு. ஸ்டீராய்டு ஊசி ஆரம்பத்தில் போட்டால்தான் நன்றாக அடங்கும்.

மாதங்கள், வருடங்கள் கழித்து மார்பு இறுகி, மேலேறி, பந்துபோல் உருண்டால், இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு உருவாக்கிய தழும்பு உறை சுருங்குகிறது. பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், ஸ்கேன் எடுத்து உள்ளே தேங்கிய நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளாண்ட்களோடு தொடர்புள்ள அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் இப்படித்தான் தலைகாட்டும். அல்லெர்கன் நிறுவனம் பயோசெல் வகையை 2019இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது இதனால்தான். சிலிக்கோன் பை கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். அதனால் ஐந்து ஆறு வருடத்தில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை.

கூச்சத்தால் மறைப்பதும் தவறுதான். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பவரிடம் இம்ப்ளாண்ட் இருப்பதைச் சொன்னால், அதைப் பின்னே தள்ளிக் கூடுதல் படங்கள் எடுப்பார். சொல்லாவிட்டால் கட்டி மறைந்துபோகலாம்.

மலிவு என்று தாய்லாந்து போய்ச் செய்துகொண்டு திரும்பினால், தையல் பிரிந்த இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். உள்ளூரில் செய்தால், டாக்டர் பெயர் மலேசியாவின் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் உள்ளதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இம்ப்ளாண்டின் தயாரிப்பாளர், வகை, சிசி, வரிசை எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி, படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பத்து வருடம் கழித்து கிளினிக் மூடியிருக்கலாம்.