ஒரு ஃபார்மில் பல பட்டன்களா? ஒரே லிசனர் போதும்
‘சேமி’, ‘அனுப்பு’, ‘நீக்கு’ என்று வெப்பேஜின் ஒரே ஃபார்மில் மூன்று பட்டன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி கிளிக் ஃபங்ஷன் எழுத வேண்டாம். ஃபார்மை அனுப்பும்போது வரும் சப்மிட் ஈவென்ட்டுக்கு ஒரே லிசனர் (அந்த ஈவென்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வைத்து, அதில் ஈவென்ட்.சப்மிட்டர்.வேல்யூவை (event.submitter.value) பாருங்கள், எந்த பட்டனை அழுத்தினார்கள் என்று பிரவுசரே சொல்லிவிடும்.

கிளிக் ஈவென்ட், கட்டாயப் புலங்கள் காலியாக இருந்தாலும் வந்துவிடும். சப்மிட் ஈவென்ட்டோ பிரவுசரின் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் வரும், அதனால் அரைகுறைத் தகவல் உங்கள் கோடுக்குள் நுழையாது. அப்புறம், எண்டர் தட்டினால் முதல் சப்மிட் பட்டன்தான் கணக்கு. ‘நீக்கு’வை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

ஸ்கிரிப்ட்டிலிருந்து ஃபார்ம்.சப்மிட்() என்று அழைத்தால் இந்த ஈவென்ட்டே வராது. அதற்குப் பதில் ஃபார்ம்.ரிக்வெஸ்ட்சப்மிட்() (requestSubmit) என்று அழைத்து, அடைப்புக்குறிக்குள் பட்டனைக் கொடுங்கள். சஃபாரி 15.4-க்கு முந்தைய பதிப்புகளில் சப்மிட்டர் கிடையாது.