ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நேபாளிக் கடையில் தால் பாத் கேளுங்கள்

டோக்கியோவோ ஒசாகாவோ, எங்கே வந்து இறங்கியிருந்தாலும் சரி, முதல் வாரத்திலேயே அந்தக் கடை உங்கள் கண்ணில் பட்டுவிடும். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் இந்தியக் கொடியும் நேபாளக் கொடியும் சேர்ந்து தொங்கும். வாசலில் தட்டையும் தாண்டி நீளும் நாண் படம். பெயரில் எவரெஸ்டோ ஹிமாலயாவோ இருக்கும். ஓனிகிரி என்கிற சோற்று உருண்டையிலும் பிரெட்டிலும் நாலு நாள் ஓட்டியவருக்கு அங்கே மசாலா வாசம் வந்தால் கால் தானாக நின்றுவிடும். தாராளமாக உள்ளே போங்கள். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

மதியம் 11 மணியிலிருந்து 3 மணி வரை லஞ்ச் செட் ஓடும். ஒரு கறி, நாண் அல்லது மஞ்சள் சாதம், ஆரஞ்சு நிற டிரெஸ்ஸிங் ஊற்றிய கோஸ் சாலட், சில இடங்களில் லஸ்ஸி. ஆயிரம் யென்னுக்கு முன்னே பின்னே ஆகும். பல கடைகளில் நாண் எத்தனை முறை வேண்டுமானாலும் தருவார்கள். "ஒகவாரி" என்றால் போதும். வயிறு நிறையும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாண் லேசாக இனிக்கும், கறியில் வெண்ணெயும் கிரீமும் தூக்கலாக இருக்கும். இரண்டு நாள் சாப்பிட்டால் மூன்றாம் நாள் மனசு சோற்றையும் பருப்பையும்தான் தேடும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு நாள் மூன்று மணிக்குக் கடை மூடும் நேரத்தில் பில் கொடுக்கப் போனேன். உள் மேசையில் சமையல்காரரும் பரிமாறும் பையனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தட்டு நிறைய வெள்ளைச் சோறு, கிண்ணத்தில் பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஓரத்தில் சிவப்பாக ஒரு தொகையல். கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "இது எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டேன். "நாளைக்கு வாங்க, செய்து வைக்கிறேன்" என்றார் அவர்.

அதுதான் தால் பாத். தால் என்றால் பருப்பு, பாத் என்றால் சோறு. நேபாளத்தில் அன்றாடச் சாப்பாடே இதுதான். சமையல்காரர்களில் பலர் டெல்லி, மும்பை ஹோட்டல்களில் தந்தூர் அடுப்பில் வேலை பழகிவிட்டு ஜப்பானுக்கு வந்தவர்கள். நேபாளத்தின் பாக்லுங் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். சமையல்காரர் விசாவுக்கு 10 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும் என்பது இங்கே விதி. அதனால் மெனு கார்டில் பஞ்சாபி ஹோட்டல் சமையல் இருக்கிறது, அவர்கள் வீட்டுச் சாப்பாடு அடுக்களையிலேயே நின்றுவிடுகிறது. சமீப காலமாக நிலைமை மாறி வருகிறது. ஜப்பானில் வாழும் நேபாளிகள் 2024 இறுதியில் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள், அவர்களுக்காகவே தால் பாத் போடும் கடைகளும் பெருகிவிட்டன. மெனுவில் இல்லாவிட்டாலும் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஒன்றரை மணிக்கு மேல், கேட்டுப் பாருங்கள்.

தட்டில் சோற்றைச் சுற்றிப் பருப்பு, தர்காரி என்கிற காய்கறி, சாக் என்கிற கீரை, அச்சார் எல்லாம் வரும். அச்சார் என்றதும் நம் ஊறுகாயை நினைக்காதீர்கள். தக்காளி அச்சார் கிட்டத்தட்ட நம் தக்காளித் தொகையல்தான். அதில் திமூர் என்ற மலை மிளகு சேர்த்திருந்தால் நாக்கு லேசாக மரத்துப்போகும், பயப்பட வேண்டாம். குந்த்ருக் கிடைத்தால் விடாதீர்கள்: புளிக்கவைத்துக் காயவைத்த கீரை, அதைச் சூப்பாக வைத்தால் ரசத்துக்கு ஏங்கும் நாக்குக்கு அவ்வளவு இதமாக இருக்கும். டிண்டோ என்று ஒன்று உண்டு, அது களி. "கோதோ" டிண்டோ என்றால் கேழ்வரகுக் களி. பெயரைக் கேட்டு வரகு என்று நினைத்துவிடாதீர்கள். தர்மபுரி, சேலம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிடுவார்கள்.

பெரும்பாலும் சோறும் பருப்பும் மறுபடி போடுவார்கள். சில கடைகளில் அதற்குக் காசு உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தயங்காமல் கையால் சாப்பிடுங்கள்.

உங்களைப் பார்த்ததும் ஹிந்தியில்தான் ஆரம்பிப்பார்கள். ஹிந்தி வராது என்றால் வராது என்று சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலமும் அரைகுறை ஜப்பானிய மொழியும் போதும். அண்ணனை "தாஇ", அக்காவை "தீதி" என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும். காரம் வேண்டுமென்றால் "பிரோ" என்று சொல்லுங்கள். ஜப்பானியர்களுக்கு வைத்திருக்கும் குறைந்த காரத்தை அப்புறம் உங்களுக்குப் போட மாட்டார்கள். பரிமாறுகிற தம்பி பெரும்பாலும் மாணவராக இருப்பார். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நீங்களும் படிக்க வந்தவர் என்றால், எந்தப் பகுதியில் அறை மலிவு என்று அவரிடமே கேட்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். ஜப்பானிய மொழியில் "நிகு நாஷி" என்றால் இறைச்சி இல்லாமல், "தமாகோ நாஷி" என்றால் முட்டை இல்லாமல். நேபாளியிடம் "சாகாஹாரி" என்றாலே புரிந்துவிடும். நாண் மாவில் முட்டை சேர்க்கும் கடைகள் உண்டு, செட்டோடு வரும் சூப் கோழியில் வைத்ததாக இருக்கலாம். இரண்டையும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். தால் பாத்தில் இந்தத் தொல்லை குறைவு, காய்கறித் தட்டு தனியாகவே கிடைக்கும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. சின்னக் கடைகளில் கார்டு வாங்காமல் போகலாம், கையில் ரொக்கம் இருக்கட்டும்.

டோக்கியோவில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை யமனோதே ரயிலில் ஷின் ஓகுபோ போய் இறங்குங்கள். நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் நேபாளிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கேயே மளிகைக் கடைகளும் உண்டு: துவரம்பருப்பு, கடுகு, பாஸ்மதி அரிசி எல்லாம் கிடைக்கும். இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி கசாய் பகுதியில் இருக்கும் நம் ஆட்களும் தேடி வரும் இடம். மதியம் கூட்டம் நெரியும், அதனால் 11 மணிக்கே சாப்பிட்டுவிட்டு அப்புறம் பை நிறைய வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.