மின்சாரக் காரில் பிரேக் விடாமல் உரசினால்: கண்டறிவதும் சரிசெய்வதும்

பெட்ரோல் காரில் ஒரு சக்கரத்தின் பிரேக் முழுமையாக விடுபடாமல் உரசிக்கொண்டிருந்தால், இன்ஜின் திணறுவதைக் காதே சொல்லிவிடும். மின்சாரக் காரில் மோட்டார் சத்தமில்லாமல் கூடுதல் விசை கொடுத்துச் சமாளித்துவிடுவதால், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைகிறதே என்ற கவலைதான் முதலில் எழும். பழியும் பேட்டரியின் மேல் விழும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்து, மின்சாரத்தையும் மீட்டுவிடுவதால், டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) பேடும் (அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) அதிகம் உழைப்பதில்லை. உழைக்காத பிரேக்கில் சூடு ஏறாது, சூடு ஏறாத இடத்தில் ஈரம் காயாது, ஈரம் தங்கிய இரும்பு துருவேறி இறுகிவிடும். எனவே பேட் புதிது போலத் தடிமனாக இருக்கிறது என்பதை வைத்துப் பிரேக்கில் குறையில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். காற்றுக் குறைந்தாலும் ஓடும் தூரம் குறையும். பிறகு சுமார் 15 நிமிடம், பிரேக் மிதியை இயன்றவரை தொடாமல், மோட்டாரின் தடுப்பைக் கொண்டே வேகத்தைக் குறைத்து ஓட்டி நிறுத்துங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்குகளையும் அளந்து, ஒரே அச்சின் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். பளபளக்கும் உலோகத்தில் இக்கருவி உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், டிஸ்க்கின் நடுப்பகுதியில் துருவோ பெயிண்டோ படிந்த இடத்தை, இரு பக்கமும் ஒன்றுபோல அளப்பது நல்லது. ஒரு பக்கம் 20, 30 டிகிரி கூடுதலாக இருந்தால் அந்தச் சக்கரத்தைத்தான் கழற்ற வேண்டும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். உரசும் டிஸ்க் தோலைப் பொசுக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கலாம்.

வண்டியைத் தூக்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனெனில் காரின் அடித்தளத்தில் பேட்டரி பரந்து கிடக்கிறது. கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக் வைத்து, ஸ்டாண்ட் கொடுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்களில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது. அவற்றின் அருகே எந்தக் கருவியும் போகக் கூடாது. நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் பேட் லேசாக உரசும் ஓசை இயல்பானதே. மோட்டாரோடு இணைந்த சக்கரம் சற்றுக் கனமாகச் சுழல்வதும் இயல்பு. அந்தக் கனம் சுற்று முழுவதும் சீராக இருக்கும். உறுமல் ஒலி கேட்டாலோ சக்கரம் ஆடினாலோ குறை பேரிங்கில் இருக்கக்கூடும்.

இனி, பாகம் எதையும் வாங்குமுன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிரேக் திரவத்தின் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறதா, இரும்பு இறுகியிருக்கிறதா? சக்கரம் இறுகியிருக்கும் நிலையிலேயே, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பரின் பிளீடர் திருகை (திரவத்தை வெளியேற்றும் திருகு) ஒரு குழாய் மாட்டிச் சிறிதளவு தளர்த்துங்கள். சிறிது திரவம் பீறிட்டு வந்து, சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருந்தது என்று பொருள். ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படியானால், காலிப்பருக்குத் திரவம் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உட்சுவர் வீங்கி அடைபட்டிருக்கிறதோ என்று ஐயப்படலாம். எல்லாச் சக்கரங்களிலும் என்றால் மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்கு ஏற்றும் பாகம்), பூஸ்டர் (மிதிக்கு விசை கூட்டும் பாகம்), முழுதாக மேலே திரும்பாத மிதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மின்னணு பூஸ்டரில் குறை என்று தோன்றினால் ஸ்கேனரும் பயிற்சியும் உள்ளவரிடம் விட்டுவிடுவதே சரி. திருகைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லையென்றால் இரும்புதான் இறுகியிருக்கிறது. மின்சாரக் கார்களில் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

காலிப்பரைக் கழற்றுமுன் வண்டியைப் பிரேக் பராமரிப்பு நிலைக்கு, அதாவது வேலையின்போது பிரேக் தானாக இயங்காத நிலைக்கு, கொண்டுவாருங்கள். சில கார்களில் கதவைத் திறந்த மாத்திரத்தில் பிரேக் கட்டுப்பாட்டகம் விழித்து அழுத்தம் ஏற்றும். இடையில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள பின்சக்கரக் காலிப்பரில், அதன் மோட்டார் பின்வாங்காமல், பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் உள்ளிருக்கும் திருகமைப்பு உடையும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான ஸ்லைடு பின் என்ற உலோகத் தண்டை உருவிப் பாருங்கள். நல்ல பின் இரண்டு விரலில் வழுக்கிக்கொண்டு வரும். இறுகிய பின் சுற்றினால்தான் அசையும், வெளியே வந்தால் கிரீஸ் இருந்த இடத்தில் பழுப்புப் பசையும், உலோகத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளும் தெரியும். குழி விழுந்ததை மாற்றிவிடுங்கள்; மற்றதைத் துடைத்து, துளையையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸை மெல்லப் பூசுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரை வீங்கச் செய்து, சரிசெய்த குறையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் வேறுவேறாக இருக்கலாம் என்பதால் இடம் மாற்றாதீர்கள். பேடின் இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் காதுகள் உட்காரும் எஃகு கிளிப்புகளையும் கழற்றுங்கள். அவற்றின் அடியில் படியும் துரு கிளிப்பைத் தூக்கிப் பேடை நெருக்கும். கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்த பிறகு, பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். பிஸ்டனின் தூசி உறை கிழிந்து உள்ளே துரு தெரிந்தால் காலிப்பரையே மாற்றுவது பாதுகாப்பு.

பொருத்தி முடித்து, பிளீடர் திருகை முறையாக முறுக்கி, திரவ அளவைப் பார்த்து, மிதி கெட்டியாகும்வரை அழுத்திய பிறகே வண்டியை நகர்த்துங்கள். காற்று புகுந்திருந்தால் பிளீடிங் (திரவத்தோடு காற்றை வெளியேற்றுவது) கட்டாயம். பின் அதே 15 நிமிட ஓட்டம், அதே இடத்தில் அதே அளவீடு. இரு பக்கமும் நெருங்கி வந்தால் வேலை முடிந்தது. அதன்பிறகு வாரம் ஒருமுறை, ஆளில்லாத சாலையில், உங்கள் காரின் கையேடு அனுமதித்தால் நியூட்ரலில் வைத்து நாலைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். பல கார்களில் அந்த நிலையில் மோட்டாரின் தடுப்பு இல்லாததால், டிஸ்க்கின் ஈரத்தைப் பேடே துடைத்தெடுத்துவிடும்.